கல்முனைத் தோல் டாக்டரும் நாவல்பழச் சேலையும்

மதுரை விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான், அந்தக் கிரீம் டப்பாவை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பாஸ்போர்ட் இருந்தது. சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய அல்வா இருந்தது. கிரீம் மட்டும் இல்லை. என் முகம் வெளிறியதைப் பார்த்து மகன் ரியாஸ், "விமானத்துக்குப் பயமா உம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் மேலப்பாளையத்துக்காரி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பதினாறு வயதில் வராத பரு எனக்கு நாற்பதைத் தாண்டி வந்தது. தாடை ஓரத்திலும் முகவாயிலும் பெரிது பெரிதாக, தொட்டால் வலிக்கிற பரு. அளவெடுக்கும்போது எதிரே நிற்கிற பெண்ணின் கண் என் தாடையிலேயே நிற்கும். இந்த வயதில் பரு என்று யாரிடம் போய்ச் சொல்வது? கடைத்தெரு ஃபேன்சி ஸ்டோரில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் பளிங்காகிவிட்டது. மூன்று வருடமாக இரவு தவறாமல் பூசி வந்தேன். இது யாருக்கும் தெரியாது, ரியாஸுக்கும் தெரியாது.

ரியாஸ் கத்தாரில் வேலை செய்கிறான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன் இலங்கையில் மருதமுனைக்காரன். அந்தப் பையனின் தங்கை ஸஃப்னாவைத்தான் ரியாஸுக்குப் பேசி முடித்திருந்தோம். நிக்காஹ் மருதமுனையில். என் தம்பி குடும்பம் முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. நானும் மகனும் பன்னிரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினோம்.

செவ்வாய்

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்கூட முழுதாகப் பறக்கவில்லை. மேலப்பாளையத்திலிருந்து மதுரைக்கு வந்ததுதான் நீண்ட பயணம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு சம்பந்தி வீட்டார் வேன் அனுப்பியிருந்தார்கள். ஓட்டுநர் ஜெமீலும் மருதமுனைக்காரர்தான். முன்னூற்று முப்பது கிலோமீட்டர், மாலைக்குள் போய்விடலாம் என்றார். குருநாகல் தாண்டி, ஹபரணை என்ற ஊரில் தேநீர் குடித்தோம். பால் இல்லாத தேநீரை அங்கே பிளேன்டீ என்கிறார்கள். ஒன்று அறுபது ரூபாய். நம் பணத்தில் பதினேழு ரூபாய் வரும்.

அதற்கு அப்பால் காடு. ஒரு வளைவில் ஜெமீல் வண்டியை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டார். சாலையோரம் ஒற்றை யானை நின்றது. கோயில் யானையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சங்கிலியில்லாத யானை என்றால் இவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ரியாஸ் ஹாரன் அடிக்கச் சொன்னான். ஜெமீல் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"கோண் அடிக்கப்படா தம்பி. அவர் போன மறுகாதான் நாம."

அவர் போனார். பிறகு நாங்கள் போனோம்.

மட்டக்களப்பு தாண்டியதும் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவி என்றால் கடலோடு கலக்கிற உப்புநீர் ஏரி. அதன் அக்கரையில் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு, கடைப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் காவல் நிலைய வாசலிலும் தமிழைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. கல்லாறு, பெரியநீலாவணை என்று ஊர்ப் பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தேன். பெரியநீலாவணை முடிந்த இடத்தில் மருதமுனை தொடங்கியது. ஜெமீல் வண்டியின் வேகத்தைக் குறைத்ததும் சந்துகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டது.

வீட்டு வாசலில் இறங்கியபோது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரல் எழுப்பினார்கள். அங்கே அதற்குக் குரவை என்று பெயர். எங்கள் பக்கத்தில் கோயில் கொடையில் குலவைச் சத்தம் கேட்டிருக்கிறேன். முக்காடு போட்ட பெண்கள் எனக்காகக் குரவையிட்டது வாழ்க்கையில் அன்றுதான். தலை குனிந்து நடந்தே பழகியவள் நான். அன்று நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

மணப்பெண்ணின் தாய் பௌசியா என்னைக் கட்டிக்கொண்டு "மச்சி" என்று கூப்பிட்டார். சம்பந்திப் பெண்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் கணவர் அலியார் பின்கட்டில் எட்டுத் தறி போட்டு நடத்துகிறார். ஸஃப்னா கதவுக்குப் பின்னாலிருந்து "மாமி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னைவிடக் கூச்சக்காரி. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

வெள்ளி

நான்காம் நாள் முகம் தீப்பிடித்ததுபோல் ஆனது. தாடை முழுவதும் சிவந்து, புதிது புதிதாகப் பருக்கள் வந்தன. வெந்நீர் பட்டாலும் எரிந்தது, வெயில் பட்டாலும் எரிந்தது. காலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு நிக்காஹ். மாப்பிள்ளையின் தாய் என்று ஊரே என் முகத்தைத்தான் பார்க்கும்.

பெட்டியில், மக்காவுக்கு உம்ரா போய்வந்த கொழுந்தி கொடுத்த கறுப்பு முகத்திரை ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் நான் முகம் மூடுவதில்லை. அன்று எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஆண்கள் முன்னால் கட்டினேன், பிறகு பெண்கள் முன்னாலும் கழற்றவில்லை. சாப்பாட்டை மட்டும் அறைக்கே கொண்டுவரச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாறாக எல்லோருடைய குரலும் என் முன்னால் தாழ்ந்தது. தொலைக்காட்சியை அணைத்தார்கள். பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டினார்கள்.

காரணம் அன்று மாலைதான் விளங்கியது. பௌசியா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல ஆரம்பித்தார்.

"மச்சி, நீங்க இவ்வளவு பேணுதலான ஆள் எண்டு எங்களுக்குத் தெரியா. கெமராக்காரன வேணாம் எண்டு சொல்லிட்டம். மேடையும் வேணாம். பொண்ணுற மனசு கொஞ்சம் சுருங்கித்தான் கிடக்கு. பரவால்ல, நாளைக்குச் சரியாயிரும்."

ஒரு பெண்பிள்ளை தன் கல்யாணப் படங்களை என் பருவுக்காக இழக்கப் போகிறாள். அதையும் என் மார்க்கப் பற்றுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு. நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, திரையைத் தூக்கிக் காட்டினேன்.

பௌசியா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இதுக்கா? நான் உங்கள மார்க்கம் படிச்ச பெரிய ஆலிமா எண்டெல்லோ ரோட்டெல்லாம் சொல்லி வெச்சிருக்கன்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தாடை வலித்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பௌசியாவின் தங்கை நஸ்ரின் வந்தார். சாய்ந்தமருதில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர், நல்ல வாயாடி. என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து மூடியில் எழுத்தே இல்லாத ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தார். ஐந்து நாளில் முகம் முட்டைபோல் ஆகிவிடும், எத்தனையோ மணப்பெண்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். மூடியைத் திறந்ததும் வந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் விட்டுவந்த அதே வாசனை. என் கை தானாக நீண்டது.

பௌசியா இடையில் புகுந்தார். "பொறு நஸ்ரின். நாளைக்குச் சனிக்கிழம. கல்முனைக்கு ஸ்கின் டொக்டர் வாற நாள். ஸஃப்னாக்கும் ரெண்டு வருசத்துக்கு முந்தி முகமெல்லாம் இப்பிடித்தான். அவட்டதான் சுகம் வந்த. சனல் பண்ணிப் பாப்பம், மறுகா உன்ட டப்பா."

தனியார் மருத்துவமனைக்கு வந்து போகிற நிபுணரிடம் முன்கூட்டி நேரம் பதிவதைத்தான் அங்கே சனல் பண்ணுவது என்கிறார்கள். பௌசியா அப்போதே தொலைபேசியில் பதிந்தார். கைக்கு வந்த நஸ்ரினின் டப்பாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

சனி

மருதமுனையிலிருந்து கல்முனை நகரம் நான்கைந்து கிலோமீட்டர்தான். பாண்டிருப்பு வழியாக ஆட்டோவில் போனோம். போக நானூறு ரூபாய். இடது பக்கம் ஒவ்வொரு சந்தின் முடிவிலும் கடல் ஒரு துண்டு நீலமாக வந்து வந்து மறைந்தது. வலது பக்கம் வீடுகள் முடிகிற இடத்தில் வயல். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கரை போட்ட துணி மாதிரி ஊர்கள். பள்ளிவாசல், கோயில், மாதா கோயில், மீண்டும் பள்ளிவாசல்.

மருத்துவமனைக் கவுண்டரில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய், நம் பணத்தில் எண்ணூற்றைம்பது. பௌசியா என்னைக் கொடுக்க விடவில்லை.

காத்திருக்கிற கூடத்தில் நான் திரையை இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்களோ கடைவீதியில் நிற்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். கைவிரல் இடுக்கில் உப்புநீர்ப் புண்ணோடு ஒரு மீனவர். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண், கன்னம் நிறையப் பரு, "போன மாசத்த விடக் குறைவு, இன்னும் ரெண்டு மாசம் எண்டு டொக்டர் சொன்னவ" என்று தொலைபேசியில் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பருவைப் பற்றி இப்படி வானிலைபோலப் பேசலாம் என்பதே எனக்குப் புதிது.

பௌசியா வெளியே இருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் என்னைவிட இளையவர், நெற்றியில் சின்னப் பொட்டு. திரையைக் கழற்றச் சொன்னார். விளக்குப் பொருத்திய ஒரு கண்ணாடியை இழுத்து என் முகத்தருகே வைத்தார். நெற்றி, மூக்கு, தாடை, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் பார்த்தார். இரக்கப்படவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நான் ஒரு துணியை நெசவுக் குறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேனே, அப்படி. மூன்று வருடத்தில் என் முகத்தை ஒருவர் அப்படிப் பார்த்ததில்லை. நான்கூடப் பார்த்ததில்லை.

எந்த வயதில் தொடங்கியது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறேனா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, எத்தனை நாள் இங்கே இருப்பேன், ஊரில் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், என்ன பூசினீர்கள் என்றார். முதல்முறையாக ஒரு மனிதரிடம் உண்மையைச் சொன்னேன். அப்படியே பையைத் திறந்து நஸ்ரினின் டப்பாவையும் மேசைமேல் வைத்தேன்.

டாக்டர் அதைத் திறந்து பார்த்து மூடினார்.

"என்ன மருந்து எண்டு மேல எழுதியும் இல்ல. ஸ்டீராய்ட் கலந்ததாத்தான் இருக்கும். நீங்க ஊரில பூசினதும் அப்பிடித்தான் போல. உங்கட முகம் சொல்லுது. அம்மா, அது பருவச் சுகப்படுத்தல்ல, மூடி வெச்சிருந்தது. இப்ப மூடி கழண்டிட்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்குக் கல்யாணம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"கல்யாணத்துக்குள்ள சுகமாகும் எண்டு நான் பொய் சொல்ல ஏலா. இன்னும் கொஞ்சம் சிவக்கவும் கூடும். ரெண்டு மூண்டு மாசம் வேணும். இந்த டப்பாவப் பூசினா ஞாயிறு முகம் பளபளப்பா இருக்கும். மறுகா அத விட ஏலாமப் போயிரும். முடிவு உங்கட."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வெளியே கூட்டம் இருந்தது. அவசரப்படுத்தவில்லை. அந்த ஒலுவில் பெண்ணின் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது. நான், "எழுதுங்க" என்றேன்.

சாப்பிட ஒரு மாத்திரை: நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, வெயிலில் கவனம். பருவின் மேல் மட்டும் இரவில் தொட்டு வைக்க ஒரு ஜெல். எரிச்சலுக்கு ஒரு சாதாரணக் களிம்பு. ஜெல் எரித்தால் நிறுத்திவிட்டுத் தனக்குச் சொல்லச் சொன்னார். மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் மருந்தின் பெயரிலேயே எழுதினார், ஊரில் போய் வாங்குவதற்காக. எங்கள் ஊர்த் தோல் டாக்டருக்கு என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்து, வீட்டில் இருக்கும் டப்பாவை எறியாமல் அவரிடம் காட்டச் சொன்னார். கடைசியாக ஜெல்லைப் பற்றி இன்னும் ஏதோ சொன்னார். நான் அந்த விளக்குக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு விலை பிறகு தெரிந்தது.

வெளியே வந்து நஸ்ரினின் டப்பாவைப் பௌசியா கையில் கொடுத்தேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, தங்கைக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கெமராக்காரரையும் மேடைக்காரரையும் அன்றே திரும்ப வரச்சொல்லிவிட்டார். முகத்திரையை மட்டும் நான் விடவில்லை. நிக்காஹ் அன்று அதோடு நின்றுகொள்வேன், படத்தில் நான் இல்லாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன்

இடையிலுள்ள நாட்களில் நான் கடலைப் பார்த்தேன். தினமும் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், பௌசியாவோடு போவேன். சூரியன் நேராகக் கடலிலிருந்து எழுந்து வரும். வள்ளங்கள் அதற்கு முன்னால் கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். ஒரு சொல்லும் பேசாமல் அத்தனை நேரம் நிற்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். கடலை ஒட்டி, சுனாமி கொண்டுபோன ஒரு பெரிய இடம் வீடுகளில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. பௌசியா அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தார்.

முகம் சொன்னபடியே இன்னும் சிவந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

வியாழன் மாலை அலியார் எனக்கென்று நெய்வித்த சேலையைக் கொண்டுவந்தார். நாவல்பழ நிறம், மெல்லிய வெள்ளிக்கரை. எத்தனையோ சேலைக்கு ரவிக்கை தைத்திருக்கிறேன். மடிப்பில் கை வைத்ததும் தண்ணீரில் கை வைத்தது போலிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க வந்துவிட்டார்கள். அன்று அசதியாக இருந்ததால் நான் ஜெல்லை முன்னதாகவே தொட்டு வைத்திருந்தேன். பௌசியா சேலையை எனக்குச் சுற்றி, முந்தானையை இழுத்து முக்காடாகப் போட்டு, தாடையைச் சுற்றி இறுக்கிச் செருகினார். மின்விசிறி இருந்தும் வியர்த்தது. முந்தானைக்கு மேலே முகத்திரையைக் கட்டிக்கொண்டு, பேச்சு முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி

காலையில் பின்கட்டில் தறிச் சத்தம் நின்றிருந்தது. அந்த வீட்டில் அதுவரை கேட்காத அமைதி. முகத்திரையைக் கட்டிக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன்.

அலியார் என் சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்திருந்தார். முந்தானை ஓரத்தில் நாவல்பழ நிறத்துக்கு நடுவே வெளிறிய ஆரஞ்சுப் புள்ளிகள், பெரிதும் சிறிதுமாக. எதிரே பௌசியாவின் தம்பி காதர். சாயம் போடுகிறவர். நெசவுப் பெண்கள் தறியை விட்டு எழுந்து நின்றார்கள். அலியார் சத்தம் போடவில்லை. அதுதான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது.

இப்படிப் புள்ளி விழுந்த துணி இது முதல்முறை அல்ல என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. சில மாதங்களாகவே அங்கொன்று இங்கொன்றாக வந்திருக்கிறது. கொழும்புக் கடை படுக்கை விரிப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. தண்ணீரைச் சந்தேகித்தார்கள், சாயத்தூளை மாற்றினார்கள், காதரின் கையைச் சந்தேகித்தார்கள்.

"இவ்வளவு நாளும் நான் பொறுத்த. இப்ப சம்மந்திர சேலையில. கல்யாணம் முடியட்டும் காதர், மறுகா சாயத்த வேற ஆளிட்டக் குடுப்பம்."

அக்காள் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. காதர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைநகமெல்லாம் நாவல்பழ நிறம்.

அப்போதுதான் டாக்டர் கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்தது. ஆறு நாள் கழித்து. துணியில் பட்டால் நிறம் போகும் என்றுதான் சொன்னார். துணியில் பிழைக்கிறவள், அதற்குத்தான் தலையாட்டியிருக்கிறேன்.

அந்நிய ஆண்கள் முன்னால் நான் பேசுகிறவள் அல்ல. திரும்பி அறைக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் காதரின் கை கண்ணில் நின்றது. நான் உள்ளே போய் அலியாரின் கையிலிருந்து சேலையை வாங்கினேன். முகத்திரையைக் கழற்றினேன். முந்தானையை முக்காடாகப் போட்டு, நேற்று இருந்ததுபோலத் தாடையோடு சேர்த்துப் பிடித்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பருவுக்கு நேராக வந்து நின்றது.

"அண்ணே, சாயத்துல குறை இல்ல. இது என் முகத்து அளவு."

நான் அறைக்குப் போய் ஜெல் குழாயைக் கொண்டுவந்தேன். அதனோடு வந்த ஆங்கிலக் காகிதத்தை ரியாஸ் படித்துச் சொன்னான்: நிறத்துணியில் படாமல் பார்த்துக்கொள்ளவும். காதர் குழாயை வாங்கி, அதே சாயத்தில் தோய்த்த ஒரு துண்டுத் துணியில் ஒரு பொட்டு வைத்து, ஈரக்கையால் தேய்த்து வெயிலில் போட்டார். ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது துண்டில் ஒரு வெளிறிய நிலா இருந்தது. காதர் அதை எடுத்து அலியாரிடம் கொடுத்தார்.

அப்போது நெசவுப் பெண்களில் இளையவள், ஹஸ்னா என்று பெயர், தறித் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, என்னட்டயும் இது கிடக்கு. கல்முனையில அந்த ஸ்கின் டொக்டர்தான் தந்த. பூசிட்டுக் கை கழுவாம வந்திருப்பன். எனக்குத் தெரியா."

இன்னொருத்தியும் தலை குனிந்தபடி கையைத் தூக்கினாள்.

அலியார் ஒருமுறை அவர்களைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், தறிகளைப் பார்த்தார். "அப்ப பரு வந்தது என்ட தறிக்கு" என்றார். "நான் காதருக்கெல்லோ மருந்து கட்டினன்."

காதர் முதலில் சிரித்தார். பிறகு அலியார் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே தட்டின் முன் உட்கார்ந்தார்கள். பெண்களுக்குப் புதுச் சட்டம் ஒன்றே ஒன்று: மருந்தை விட வேண்டாம், தறியில் கை வைக்குமுன் சோப்பு.

மாலையில் காதர் என்னிடம் வந்து, "ராத்தா, ஒரு நாள் தாங்க. கறுப்பில முக்கி எடுத்தா ஒண்டும் தெரியாது" என்றார்.

வேண்டாம் என்றேன். இப்படியே உடுத்துகிறேன் என்றேன்.

ஞாயிறு

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. பிறகு வீட்டில் விருந்து. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சஹன் என்று பெயர். முன்பின் தெரியாத ஐந்து பெண்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன். இறைச்சித் துண்டுகளை அவர்கள் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முகத்திரை பெட்டிக்குள் இருந்தது. என் தாடையில் ஆறேழு பருக்கள் சிவப்பாக இருந்தன, முந்தானையில் ஆறேழு புள்ளிகள் ஆரஞ்சாக இருந்தன. சேலைக் கதை அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிழவி என் முந்தானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது புது டிசைனா என்று கேட்டார். நஸ்ரின் தூரத்திலிருந்தே, "என்ட டப்பாவத் தட்டின சம்மந்தி" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். பிறகு அருகில் வந்து, அந்த டாக்டர் என்ன சொன்னார் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

மேடையில் நான் மருமகளுக்குச் சங்கிலி போட வேண்டும். கெமராக்காரர் என்னைப் பார்த்து, எடிட்டில் முகத்தைச் சரிபண்ணிவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஸஃப்னா, கூச்சக்காரி ஸஃப்னா, தலையை நிமிர்த்தி, "மாமிர முகத்தத் தொடாதீங்க" என்றாள். குனிந்து சங்கிலியை மாட்டும்போது என் காதில் சொன்னாள்:

"எனக்கும் நெத்தியில ஒண்டு வந்திருக்கு மாமி. நஸ்ரின் சாச்சி மேக்கப்பால மூடிட்டா."

அந்த நேரம்தான் பெண்கள் குரவையிட்டார்கள். படத்தில் நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மீண்டும் செவ்வாய்

தம்பி குடும்பத்தோடு திரும்பும்போதும் ஜெமீல்தான். பௌசியா ஒரு டப்பா வட்டிலப்பம் என்ற முட்டை இனிப்பும், அது வழியில் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கையும் கொடுத்தார். ஹபரணைக்கு முன்பே தின்று தீர்த்தோம். யானை இருந்த வளைவில் ஜெமீல் தானாகவே வேகத்தைக் குறைத்தார். யானை இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் காடு பார்த்தோம்.

மேலப்பாளையம் வந்து சேர்ந்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். கிரீம் டப்பா முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கள் கடைத்தெருவில், ஃபேன்சி ஸ்டோருக்கு நாலு கடை முன்னால், மாடிப்படி ஓரமாக ஒரு தோல் மருத்துவர் பலகை இருக்கிறது. மூன்று வருடமாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் கிரீம் வாங்கப் போய் வந்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அந்தப் படியில் கால் வைக்க எனக்குக் கடல் தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது.

மறுநாள் நாவல்பழச் சேலையை உடுத்திக்கொண்டேன். கல்முனை டாக்டரின் கடிதத்தையும் அந்த டப்பாவையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபேன்சி ஸ்டோர்க்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆளையே காணோம், கிரீம் தீர்ந்திருக்குமே" என்று கூப்பிட்டார். இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறினேன்.